“புத்” என்ற நரகம் எங்கே இருக்கின்றது?

சேலம் ஜில்லாவில் ஒரு சிறு ஊரில், நமக்குப் பழக்கமான ஒரு நெசவுக் குடும்பத்தில் பெரியவர் ஒருவர் காலமானார். அவருக்கு மூன்று பெண்கள். ஆண் குழந்தை கிடையாது. பிணம் கூடத்தில் கிடக்கும்போதே, கொள்ளி வைப்பது யார் என்ற வழக்குத் திண்ணையில் ஆரம்பமாகி விட்டது. பெரியவர் உயிரோடிருந்த காலத்தில் பத்து வருஷமாய் அந்த வீட்டு வாசற்படியை மிதியாத பங்காளி ஒருவர், தம்முடைய மகனைக் குளிப்பாட்டி ஈர வேஷ்டியுடன் கொண்டுவந்து நிறுத்தி, “பிள்ளையில்லாதவருக்கு எங்கள் பையன்தான் பிள்ளை” என்றார். இன்று கொள்ளி வைக்கின்ற கை நாளைக்கு வீட்டின்மேலும் தறிகளின்மேலும் வைக்கப்படும் என்பது அங்கு கூடியிருந்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மூத்த பெண், தானே கொள்ளி வைப்பதாகச் சொன்னார். உடனே புரோகிதர் குறுக்கிட்டார். “அம்மா, புத்திரன் என்கிற வார்த்தைக்கே அர்த்தம் என்ன தெரியுமோ? ‘புத்’ என்று ஒரு நரகம் இருக்கிறது. பிள்ளையில்லாதவன் அதிலேதான் விழவேண்டும். அதிலிருந்து காப்பாற்றுகிறவன் எவனோ அவனே புத்திரன். நான் சொல்லவில்லை, வார்த்தையிலேயே இருக்கிறது. உங்கப்பா நல்ல கதிக்குப் போகவேண்டாமா?” என்றார். அந்தப் பெண் அழுத கண்ணோடு, “சாமி, அப்படியானால் புத்திரி என்கிற வார்த்தையிலும் அதே ‘புத்’துத்தானே இருக்கிறது? அதுக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டார். புரோகிதர், துக்க வீட்டில் விதண்டாவாதம் பேசப்படாது என்று சொல்லிவிட்டுப் பஞ்சாங்கத்தைப் புரட்ட ஆரம்பித்தார்.

அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் வரவில்லை. பதில் இருந்தால்தானே வருவதற்கு? ஆனால் “வார்த்தையிலேயே இருக்கிறது” என்று புரோகிதர் சொன்னாரே, அந்த ஒரு வாக்கியத்தைப்பற்றித்தான் நாம் இங்கே சற்று விவரமாய் எழுதவேண்டியிருக்கிறது. ஏனெனில், நம் நாட்டில் ஒரு காரியத்துக்கு நியாயம் காட்ட முடியாமற் போனால் சாஸ்திரத்தைக் காட்டுவார்கள். சாஸ்திரமும் போதாமற் போனால் வார்த்தையைப் பிளந்து அதற்குள்ளிருந்து ஒரு கதையை எடுத்துக் காட்டுவார்கள். சாஸ்திரத்தையாவது எதிர்த்துப் பேச ஒருவன் துணியலாம். தான் தினமும் வழங்குகின்ற வார்த்தையே தனக்கு விரோதமாய்ச் சாட்சி சொல்லுகின்றது என்றால் பாமரன் என்ன செய்வான்? வாயை மூடிக்கொள்ளுவான்.

முதலில் இந்தப் “புத்” நரகத்தையே எடுத்துக்கொள்ளுவோம். மனுதர்மம் ஒன்பதாம் அத்தியாயத்தில் 138-வது சுலோகத்தில் இந்த அர்த்தம் சொல்லப்பட்டிருக்கிறது. அதுவும் பிரம்மாவே சொன்னதாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால், வேதச் சொற்களுக்கு அர்த்தம் சொல்லுவதற்கென்றே ஏற்பட்ட நிருக்தம் என்னும் பழைய நூலில் யாஸ்கர் என்பவர் இதே புத்திரன் என்ற சொல்லுக்கு ஒன்றல்ல, மூன்று அர்த்தங்கள் கூறுகின்றார். மிகுதியாய்க் காப்பதனால் புத்திரன், பிண்டம் இடுவதனால் புத்திரன், அல்லது புத் நரகத்திலிருந்து காப்பதனால் புத்திரன் என்கின்றார். “அல்லது” என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு வழக்கில் ஒரே சாட்சி மூன்று விதமாய்ச் சொன்னால் முன்சீப் கோர்ட்டிலேயே வழக்குத் தள்ளுபடியாகிவிடும். இங்கேயோ மூன்றும் பிரமாணமாம்!

யாஸ்கரை நாம் குறை சொல்ல வரவில்லை. அவர் காலத்திலேயே வேதத்தின் பாஷை பழசாகிப் பல சொற்கள் விளங்காமற் போயிருந்தன. ஒரு சொல்லுக்கு எப்படியாவது மூலம் சொல்லியே தீரவேண்டும், ஓர் அசையோ ஓர் எழுத்தோ ஒத்திருந்தாலும் அதைக்கொண்டு சொல்ல வேண்டும், சொல்லாமல் மாத்திரம் விடக்கூடாது என்பது அவர் வைத்துக்கொண்ட விதி. அந்த விதியை அவர் ஒளிக்காமல் எழுதியும் வைத்தார். வேத மந்திரங்களுக்கு அர்த்தமே கிடையாது என்று வாதித்த கௌத்சர் என்பவருடைய கட்சியையும் தம் நூலில் எடுத்துச் சொல்லித்தான் மறுக்கின்றார். அவ்வளவு நேர்மை இன்றைக்கு எத்தனை பண்டிதர்களிடம் காணக் கிடைக்கும்? யாஸ்கர் உத்தேசமாய்ச் சொன்னதைப் பின்வந்தவர்கள் பிரம்ம வாக்காக்கி, அதைக்கொண்டு பெண்ணுக்குக் கொள்ளி உரிமையில்லை, கொள்ளி உரிமையில்லாததனால் சொத்துரிமையும் இல்லை என்று நடத்திவந்ததுதான் நமக்கு ஆட்சேபணை.

சரி, அந்தச் சொல்லின் உண்மையான வரலாறுதான் என்ன? வடமொழிக்குச் சகோதர பாஷையாகிய பழைய ஈரான் தேசத்துப் பாஷையிலும் இந்தச் சொல் இருக்கின்றது. ஜொராஸ்தர் மதத்தாருடைய அவஸ்தா என்னும் வேதத்தில் மகனுக்குப் புத்ர என்றே பேர். பாரசீகத்தில் சுமார் 2,500 வருஷங்களுக்கு முன் ஆண்ட தாரயவஸு மன்னன் மலைப்பாறையில் வெட்டிவைத்த சாஸனத்தில், தான் இன்னாருடைய மகன் என்று சொல்லும் இடத்தில் இதே சொல் ‘புச’ என்று சற்றுத் திரிந்து வருகின்றது. பிற்காலத்தில் அங்கு ஷாப்பூர் என்ற பேருடைய அரசர்கள் ஆண்டார்கள். ஷாப்பூர் என்றால் நம்மவர்கள் கான்பூர், நாகபூர் மாதிரி ஏதோ ஓர் ஊர் என்று எண்ணிக்கொள்ளக்கூடும். அது ஊரல்ல, ஷா என்றால் மன்னன், பூர் என்றால் புத்திரன், மன்னன் மகன் என்பதே அதன் அர்த்தம். இத்தனை காலம் அந்த ஜனங்கள் இந்தச் சொல்லை வழங்கியும் அவர்களுக்குப் “புத்” என்ற நரகம் இருந்ததாக ஒரு தகவலும் கிடையாது. சிறியது என்னும் பொருளுள்ள ஒரு பழைய வேரிலிருந்து இந்தச் சொல் வந்தது என்று மொழிநூல் அறிஞர்கள் கருதுகின்றார்கள். அதாவது சின்னவன், குழந்தை, அவ்வளவுதான். நரகம் பின்னால் வந்து சேர்ந்த சரக்கு.

இந்தமாதிரி சரக்குகள் ஒன்றிரண்டல்ல. மாம்சம் என்ற சொல்லைப் பிளந்து, ‘மாம்’ என்றால் என்னை, ‘ஸ’ என்றால் அவன், ஆகவே இந்த உலகில் நான் தின்னும் பிராணி மறு உலகில் என்னைத் தின்னும் என்று மனு ஐந்தாம் அத்தியாயத்தில் அர்த்தம் பண்ணுகின்றார். அதே அத்தியாயத்தில் யாகத்தில் கொன்று தின்னலாம் என்றும் இருக்கின்றது. யாகத்தில் தின்னப்பட்ட ஆடு மாத்திரம் இலக்கணத்தை மறந்துவிடும் போலும்!

சுரர், அசுரர் என்ற சங்கதி இதைவிட வேடிக்கையானது. இராமாயணம் பால காண்டத்தில் பாற்கடல் கடைந்த கதையில், கடலிலிருந்து கள்ளின் தேவதையாகிய வாருணி வெளிவந்தாளாம். திதியின் மக்கள் அவளை ஏற்க மறுத்ததனால் அசுரர் ஆனார்களாம். அதிதியின் மக்கள் ஏற்றுக்கொண்டதனால் சுரர் ஆனார்களாம். குடித்தவன் தேவன், குடிக்க மறுத்தவன் அரக்கன் என்று அவர்களே ஒப்புக்கொண்டதற்காக நாம் சந்தோஷப்படலாம். ஆனால் உண்மையைச் சொல்லவேண்டுமானால் இதுவும் ஓசையைப் பிடித்துக் கட்டிய கதைதான். ரிக் வேதத்தின் பழைய பாகங்களில் வருணன், இந்திரன், அக்கினி முதலிய தேவர்களையே அசுரர் என்று மரியாதையாய் அழைத்திருக்கின்றார்கள். தலைவன், வல்லவன் என்பது அதன் பொருள். ஈரானில் அதே சொல் அஹுர என்றாகி அவர்களுடைய பெரிய கடவுளுக்கே பேராயிற்று. பின்னால் இங்கே அசுரன் என்பது கெட்ட பேரானபோது, முதல் எழுத்தாகிய ‘அ’வை இல்லை என்னும் பொருளுள்ள ‘அ’ என்று தப்பாய் எண்ணி, அதை வெட்டியெறிந்து ‘சுரர்’ என்று ஒரு புதுச் சொல்லைச் செய்துகொண்டார்கள். வால் இருக்கிறதே, எங்கே மாடு என்று தேடி ஒரு மாட்டையும் உண்டாக்கின கதைதான்.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. சிரிக்க முடியாதவையும் இருக்கின்றன.

மனிதனுக்கு வைக்கும் பேரையே எடுத்துக்கொள்ளுங்கள். மனு இரண்டாம் அத்தியாயத்தில், பார்ப்பனன் பேர் மங்களமாயும், க்ஷத்திரியன் பேர் பலத்தைக் குறிப்பதாயும், வைசியன் பேர் செல்வத்தைக் குறிப்பதாயும், சூத்திரன் பேர் இழிவைக் குறிப்பதாயும் இருக்கவேண்டும் என்று சட்டமே இருக்கின்றது. குப்பன், பிச்சை, மண்ணாங்கட்டி என்ற பேர்களெல்லாம் இந்தச் சட்டத்தினால்தான் வந்தன என்று நம் தோழர்கள் சிலர் மேடையில் பேசுவதுண்டு. அது முழுவதும் சரியல்ல. அடுத்தடுத்துக் குழந்தை இறந்துபோன வீட்டில், பிறந்த பிள்ளையைக் குப்பையில் உருட்டி எடுத்துக் குப்பன் என்றும், தவிட்டுக்கு விற்று வாங்கித் தவிட்டான் என்றும் பேரிட்டால் எமன் அருவருத்து விட்டுவிடுவான் என்ற பயமும் அதற்குக் காரணம். அது ஏழைத் தாயினுடைய பயம். மூடநம்பிக்கையானாலும் பிள்ளைமேல் வைத்த ஆசையினால் வந்தது. மனு சொல்லுவதோ பயத்தினாலல்ல. பேரைக் கேட்டவுடனே ஆள் எந்தப் படியில் நிற்கவேண்டியவன் என்று தெரியவேண்டும் என்பதற்காகவே அது ஏற்பட்டது.

சூத்திரன் என்ற சொல்லை இவர்கள் பிளந்த விதத்தைக் கேளுங்கள். சாந்தோக்கிய உபநிஷத்து நான்காம் அத்தியாயத்தில் ஜானஸ்ருதி என்ற அரசனுடைய கதை இருக்கின்றது. அவன் நிறைய அன்னதானம் செய்தவன். இரவில் பறந்துபோன அன்னப் பறவைகள், வண்டிக்காரனாகிய ரைக்வருக்கு இவன் ஈடாவானா என்று பேசிக்கொண்டதைக் கேட்டு, பசுக்களும் ஆரமும் ரதமும் எடுத்துக்கொண்டு அந்த ரைக்வரிடம் போய் உபதேசம் கேட்டான். அவர் அவனை, “சூத்திரனே” என்று விளித்து முதலில் விரட்டினார். பின்னால் அதிக பசுக்களையும் அவன் பெண்ணையும் கொடுத்தபிறகு உபதேசம் செய்தார். நேராய்ப் படித்தால், சூத்திரன் என்று அழைக்கப்பட்ட ஒருவனுக்கு உபநிஷத்திலேயே ஞானம் சொல்லப்பட்டிருக்கிறது என்றுதான் ஏற்படும்.

இது பின்வந்தவர்களுக்குப் பெரிய சங்கடமாய்ப் போயிற்று. பிரம்ம சூத்திரம் முதல் அத்தியாயம் மூன்றாம் பாதத்தில் இதற்கு ஒரு சமாதானம் கண்டுபிடித்தார்கள். ‘சுக்’ என்றால் துக்கம். ‘த்ரு’ என்றால் ஓடுதல். அன்னங்கள் இகழ்ந்ததைக் கேட்டு அரசன் துக்கத்தோடு ஓடிவந்தான், அதனால் அவனைச் சூத்திரன் என்றார். ஜாதியில் அவன் சூத்திரனல்ல, க்ஷத்திரியனே என்பது அந்தச் சமாதானம். சங்கரர் இதை விரித்து, துக்கத்தை நோக்கி ஓடினானோ, துக்கம் அவனை நோக்கி ஓடிற்றோ, துக்கத்தினால் ரைக்வரை நோக்கி ஓடினானோ என்று மூன்று விதமாய் அர்த்தம் சொல்லுகின்றார். மறுபடியும் மூன்று! அத்வைதத்தை எதிர்த்த இராமானுஜரும் தம் பாஷ்யத்தில் இந்த இடத்தில் மாத்திரம் சங்கரரோடு ஒத்துப்போகின்றார். சூத்திரனுக்கு வேதத்தில் அதிகாரமில்லை என்பதே இருவருக்கும் முடிவு. அந்த அதிகரணத்தின் முடிவில் சங்கரர் காட்டும் ஸ்மிருதி வாக்கியம், வேதத்தைக் கேட்ட சூத்திரனுடைய காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றவேண்டும் என்பது. கௌதம தர்ம சூத்திரத்தில் உள்ளது அது.

இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. கதையில் வந்த அரசனுக்கு அந்தச் சொல்லைத் துக்கம் என்று பிளந்து விடுதலை கொடுத்துவிட்டார்கள். ஆனால் வயலிலும் தறியிலும் உழைத்த கோடிக்கணக்கான ஜனங்களுக்கு அதே சொல்லைப் பிளக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார்கள். அரசனுக்கு ஓர் இலக்கணம், குடியானவனுக்கு ஓர் இலக்கணம். இதற்குப் பேர் சொல்லாராய்ச்சியா என்று கேட்கிறோம்.

இதையும் மிஞ்சிய ஒன்று ரிக் வேதம் பத்தாம் மண்டலம் பதினெட்டாம் ஸூக்தத்தில் நடந்திருக்கின்றது. அது சாவுச் சடங்குக்குரிய பாட்டு. அதில் ஏழாவது மந்திரம், விதவைகளல்லாத, நல்ல புருஷர்களையுடைய ஸ்திரீகள் கண்ணீரில்லாமல், அணிகளோடு முதலில் இடத்துக்கு ஏறட்டும் என்ற கருத்துள்ளது. ‘முதலில்’ என்பதற்கு அங்கேயுள்ள சொல் ‘அக்ரே’. அடுத்த மந்திரமோ செத்தவன் பக்கத்தில் படுத்திருக்கும் மனைவியைப் பார்த்து, எழுந்து உயிரோடிருப்பவர்கள் உலகத்துக்கு வா என்று அழைக்கின்றது. இவ்வளவு தெளிவாயிருக்கின்ற இடத்தில், வங்காளத்து ஸ்மிருதிப் பண்டிதர் ரகுநந்தனர் முதலியவர்களுடைய பாடத்தில் ‘அக்ரே’ என்பது ‘அக்நே’ என்று ஆகிவிட்டது. முதலில் என்பது நெருப்பாகிவிட்டது! வடமொழி எழுத்தில் ஒரு சிறு வளைவு மாறினதுதான் வித்தியாசம். 1795-ல் கோல்புரூக் என்ற ஆங்கில அறிஞர் உடன்கட்டையைப்பற்றி எழுதியபோது பண்டிதர்கள் காட்டிய இந்தப் பாடத்தை நம்பி, விதவைகள் நெருப்பில் ஏறட்டும் என்றே மொழிபெயர்த்தார். மூல ஏடுகளை ஒத்துப்பார்த்து அது தப்பு என்று வில்சனும் மாக்ஸ் முல்லரும் எடுத்துக்காட்டினது 1850-களில்தான். மாக்ஸ் முல்லர் இதைப் புரோகிதர்களின் மோசடி என்றே கண்டித்தார். ஏடு பெயர்த்தெழுதினவனுடைய கைப்பிழை என்பாரும் உண்டு.

எழுத்து மாறினதனால்தான் உடன்கட்டை ஏற்பட்டது என்று நாம் சொல்லவில்லை. அந்த வழக்கம் அதற்கு முன்னும் இருந்தது. வேதம் தெரியாத இடங்களிலும் இருந்தது. ஆனால் வழக்கத்துக்கு வேதத்தில் ஆதாரம் கேட்டபோது, இருக்கின்ற சொல்லைப்போல் ஒலிக்கின்ற இன்னொரு சொல் கைக்கு வந்து உதவிற்று. அது பிழையாயிருந்தாலும், அதே மந்திரத்தில் ‘விதவைகளல்லாத’ என்று இருக்கிறதே என்று ஒரு பண்டிதராவது நிறுத்திப் பார்க்கவில்லை. வங்காள ராஜதானியில் மாத்திரம் 1815 முதல் 1828 வரையில் சர்க்கார் கணக்கில் வந்த உடன்கட்டைகள் 8,000-க்கு மேல். 1829 டிசம்பர் மாதத்தில் பெண்டிங் பிரபு சட்டம் போட்டு நிறுத்தினார். நிறுத்திய பிறகும், 1987-ல் ராஜபுதனத்துத் தேவராலாவில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி எரிந்ததும், அதைக் கும்பிட ஜனங்கள் கூடினதும், மறுபடியும் ஒரு சட்டம் செய்யவேண்டி வந்ததும் வாசகர்கள் அறிந்ததே.

இது நிற்க. அப்படியானால் ஓசை ஒற்றுமை என்பதே பொய்யா, சொல்லுக்கு மூலம் கண்டுபிடிக்கவே முடியாதா என்று சிலர் கேட்கக்கூடும். முடியும், அதற்கு ஒரு நேர்மையான வழி இருக்கின்றது. ஓசூர், தாளவாடிப் பக்கத்துத் தோழர்களுக்கு இது புதிதல்ல. நாம் பால் என்றால் கன்னடத்தார் ஹாலு என்கிறார்கள். பல் என்றால் ஹல்லு. பத்து என்றால் ஹத்து. புலி என்றால் ஹுலி. பாடு என்றால் ஹாடு. பெயர் என்றால் ஹெசரு. ஒன்று ஒத்துவந்தால் தற்செயல் என்னலாம். தமிழில் ‘ப’ முதலாய் வருகின்ற இடத்திலெல்லாம் அங்கே ‘ஹ’ வரிசையாய் நிற்குமானால் அதைத் தற்செயல் என்ன முடியுமா? பழைய கன்னடக் கல்வெட்டுகளைப் பார்த்தால் அங்கேயும் ‘ப’வே இருக்கின்றது, பின்னால்தான் மாறிற்று. ஒரு சொல்லைப் பிளந்து கதை சொல்லாமல், நூறு சொல்லை வரிசையாய் வைத்து விதி காண்பதுதான் ஆராய்ச்சி. 1816-ல் எல்லிஸ் துரையும், 1856-ல் கால்டுவெல் பாதிரியாரும் தென்னாட்டு மொழிகள் ஓரினம் என்று காட்டியது இப்படிப்பட்ட ஒப்புநோக்கைக் கொண்டுதான். எந்த முனிவர் கமண்டலத்திலிருந்தும் அல்ல.

இந்தவிதியில் பார்த்தால் சில பேர்களின் வரலாறு சுலபமாய் விளங்கிவிடும். வடமொழியில் சொல்லின் முதலிலுள்ள ‘ஸ’ ஈரான் பாஷையில் ‘ஹ’ ஆகும். ஸப்த என்ற ஏழு அங்கே ஹப்த. ஸோம என்பது ஹஓம. அதே விதியினால் ஸிந்து நதி அவர்கள் வாயில் ஹிந்து ஆயிற்று. நதிக்கு இப்பாலுள்ளவர்களுக்கும் அதுவே பேராயிற்று. இந்து என்ற பேர் வேதத்தில் ஒரு மதத்தின் பேராய் எங்கும் இல்லை. அயல்நாட்டான் ஓர் ஆற்றைக்கொண்டு வைத்த பேர் அது. இதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல், ஹீனத்தை தூஷிப்பவன் ஹிந்து என்று ஒரு தந்திர நூலில் எழுதிவைத்துக்கொண்டார்கள். இவர்கள் பக்கம் அப்படி. நம் பக்கமோ, பாரசீகத்தில் ஹிந்து என்றால் திருடன் என்று அர்த்தம், ஆகவே அந்தப் பேரின் மூலமே திருடன்தான் என்று மேடையில் முழங்குகின்ற தோழர்கள் இருக்கின்றார்கள். பிற்காலத்துப் பாரசீகக் கவிகள் அந்தச் சொல்லைக் கருப்பன், அடிமை, திருடன் என்ற பொருளில் வழங்கியது உண்மைதான். மூலம் அதுவல்ல; மூலம் நதி. எதிராளி செய்தால் புரட்டு, நாம் செய்தால் பிரசாரம் என்று ஏற்படுமானால் நமக்கும் புரோகிதருக்கும் பூணூல் ஒன்றுதான் வித்தியாசமாகும்.

தமிழ்ப் பற்றுள்ள நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. எட்டு என்பதிலிருந்துதான் இங்கிலீஷ் ‘எய்ட்’ வந்தது, ஒன்று என்பதிலிருந்து ‘ஒன்’ வந்தது, கொல் என்பதிலிருந்து ‘கில்’ வந்தது, ஆகவே உலக மொழியெல்லாம் தமிழின் பிள்ளைகள் என்று எழுதி நமக்கு அனுப்புகின்றவர்கள் பலர். அவர்களுடைய ஆசை நமக்கும் உண்டு. ஆனால் பின்னோக்கிப் போய்ப் பார்க்கவேண்டாமா? நம்முடைய எட்டு, எண்பது, எண்ணூறு, எண்கோணம் என்பவைகளைப் பார்த்தால் ‘எண்’ என்ற அடியிலிருந்து வந்தது தெரியும். இங்கிலீஷ்காரனுடைய எய்ட்டோ, ஜெர்மனியில் ஆக்ட், லத்தீனில் ஆக்டோ, வடமொழியில் அஷ்ட. பின்னோக்கிப் போகப்போக இரண்டும் நெருங்கவேண்டியதற்குப் பதிலாக விலகிக்கொண்டே போகின்றன. சொந்தக்காரர்கள் என்றால் பாட்டன் காலத்தில் ஒரே வீட்டில் இருந்திருக்க வேண்டாமா? மேலை நாட்டாருக்குக் கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் முதலிய சொற்களை நாம் கொடுத்திருக்கிறோம். அது சாட்சியுள்ள கணக்கு. போர்த்துகீசியரிடமிருந்து சாவி, ஜன்னல், அலமாரி, மேசை முதலியவைகளை வாங்கியும் இருக்கிறோம். சாவி போர்த்துகீசியச் சொல் என்பதனால் நம் வீட்டுப் பூட்டு திறக்காமற் போய்விடவில்லை.

ஊர்ப்பேர் விஷயத்தில் இந்தக் கூத்து ஏராளம். ஒன்றைமட்டும் சொல்லுவோம். தேவாரத்தில் சிராப்பள்ளி என்று இருக்கின்ற ஊருக்கு, மூன்று தலையுள்ள திரிசிரன் என்ற அரக்கன் பூசித்ததனால் திரிசிரபுரம் என்று பேர் வந்ததாகத் தலபுராணம் சொல்லுகின்றது. ‘திரு’ என்பது ‘திரி’ ஆகி, ‘சிரா’ என்பது ‘சிரம்’ ஆகிவிட்டது. ‘பள்ளி’ என்பதைக் கதையில் எங்கேயும் பொருத்த முடியாததனால் அதைப் ‘புரம்’ ஆக்கிவிட்டார்கள். பள்ளி என்பது சமண பௌத்தத் துறவிகள் தங்கிய இடத்துக்குப் பேர். அந்த மலைமேல் அவர்களுக்காகக் கல்லில் வெட்டிய படுக்கைகள் இன்றும் இருக்கின்றன, போனால் பார்க்கலாம். அவர்கள் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த இடமானதனால்தான் படிக்கும் இடத்துக்குப் பள்ளிக்கூடம் என்று பேர் வந்தது என்று அறிஞர்கள் பலர் கூறுவர். படிப்புச் சொல்லிக்கொடுத்தவனுடைய ஞாபகத்தை அழித்துவிட்டு, அந்த இடத்தில் மூன்று தலை அரக்கனை உட்காரவைத்தது யாருக்கு லாபம்?

இனி, சேலம் ஜில்லாச் சங்கதிக்கு வருவோம். 1929-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மகாநாட்டில், பேருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஜாதிப் பட்டங்களை விட்டுவிடவேண்டும் என்றும், பெண்களுக்கு ஆண்களோடு சமமாய்ச் சொத்துரிமை வேண்டும் என்றும் தீர்மானம் செய்தார்கள். முதல் தீர்மானத்துக்குச் சட்டம் வேண்டியிருக்கவில்லை, ஜனங்களே விட்டார்கள். இன்று தமிழ்நாட்டில் தகப்பன் பேரின் முதலெழுத்தோடு நிற்கின்ற கோடிக்கணக்கான பேர்கள் அதற்குச் சாட்சி. இரண்டாவதற்குத்தான் வெகுகாலம் ஆயிற்று. 1956-ல் வந்த சட்டம் தகப்பன் தானாய்த் தேடிய சொத்தில் பெண்ணுக்குப் பங்கு கொடுத்தது. 1989-ல் தமிழ்நாட்டில் பிதுரார்ஜித சொத்திலும் சமபங்கு வந்தது. இந்தியா முழுவதற்கும் 2005-ல்தான். இடையில், 1992-ல் இதே சேலம் ஜில்லாவில் பெண் சிசுக்களைக் கொல்லாமல் சர்க்கார் தொட்டிலில் போடுங்கள் என்று தொட்டில் குழந்தைத் திட்டம் வைக்கவேண்டி வந்தது. அந்தக் கொலைகளுக்கு வரதட்சணையும் வறுமையும் முக்கிய காரணங்கள். ‘புத்’ நரகம் ஒன்றே காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால், பிள்ளை என்றாலே ஆண் என்றும், பெண் கணக்கில் சேராதவள் என்றும் தாலாட்டிலிருந்து சாவுவரை காதில் ஓதி வைத்திருப்பது எதற்கு உதவியாயிருந்திருக்கும்?

அன்று திண்ணையில், பங்காளி ஈர வேஷ்டிப் பையனை முன்னே தள்ளிக்கொண்டே இருந்தார். நமது கிளைத் தோழர் ஒருவர், பெரியவர் வீடும் நான்கு தறிகளும் தாமே சம்பாதித்தவை என்றும், சட்டப்படி அவை மனைவிக்கும் மூன்று பெண்களுக்கும் சேரும் என்றும், கொள்ளி யார் வைத்தாலும் அதில் ஒரு நூலிழைகூட மாறாது என்றும் எடுத்துச் சொன்னார். இதைக் கேட்டதும் பங்காளிக்குத் தலைவலி வந்துவிட்டது. பையனுக்கு ஜலதோஷம் பிடிக்கும் என்று சொல்லி அழைத்துக்கொண்டு போய்விட்டார். புரோகிதர் தமக்கு வேறு ஊரில் காரியம் இருப்பதாகச் சொன்னார்.

பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிடவேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். மூத்த பெண் திரும்பவில்லை. கொள்ளிக்குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னே நடந்தார். தங்கைகள் இருவரும் பின்னே போனார்கள். பெரியவரின் மனைவி, எழுபது வயதுக் கிழவி, வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் நம் தோழரைக் கூப்பிட்டு, “தம்பி, அந்த நரகத்துக்கு என்ன பேரு சொன்னாரு?” என்று கேட்டாராம். பேரைச் சொன்னதும், “அவரு போகமாட்டாரு, விடுங்க. அவருக்கு அந்த ஊரு தெரியாது” என்றாராம்.